வானில் ஒரு பாதை வரைவோம்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பறவையொன்று மிதந்து செல்வதுபோல் காட்சி மெல்ல நகரும். இத்தகைய காட்சிகளைப் பெரும்பாலும் டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்திகளே படம்பிடிக்கின்றன. ஆனால், நாம் முதன்முதலாக டிரோனை இயக்கிப் படமெடுத்தால், காணொளி அவ்வளவு சீராக அமைவதில்லை. அதற்குக் காரணம் என்ன?

டிரோனை இயக்குபவரின் விரல்கள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கின்றன. ஒரு விசைப்பிடி டிரோனை ஏற்றி இறக்கும், திசை திருப்பும். மற்றொன்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும். கேமராவின் கோணத்தை மாற்றத் தனி விசை உண்டு. தோட்டத்தின் நடுவே நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றிப் படமெடுக்க, இவை அனைத்தும் ஒருங்கே இயங்கவேண்டும். விரல் சற்றே தடுமாறினாலும் காட்சி குலுங்கும். கேமராவைத் தாங்கும் கிம்பல் காற்றின் அதிர்வைத் தணிக்கும். ஆனால், இயக்குபவரின் தடுமாற்றத்தை அதனால் முழுமையாக மறைக்க இயலாது.

இக்குறையைப் போக்கவே பறத்தலைத் திட்டமிடும் செயலிகள் உதவுகின்றன. லிச்சி, டிரோன்லிங்க் ஆகியவை அத்தகையவை. முதலில், திரையில் தோன்றும் வரைபடத்தில் டிரோன் கடக்கவேண்டிய இடங்களைக் குறிக்கவேண்டும். இவை வழிப்புள்ளிகள் எனப்படும். பின்னர், ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம், வேகம், கேமராவின் கோணம் ஆகியவற்றை அமைக்கவேண்டும். திருப்பங்களை வளைவாக அமைத்தால், டிரோன் புள்ளிதோறும் நின்று திரும்பாமல் ஒரே சீராகச் செல்லும். மரத்தை நோக்குப்புள்ளியாகக் குறித்தால், கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும். திட்டத்தைச் சேமித்து வைத்தால், காலைப் பனியிலும் மாலை வெயிலிலும் அதே பாதையில் படமெடுக்கலாம்.

எனினும், செயலி நாம் கொடுத்த எண்களைத்தான் பின்பற்றும். இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது. உயரத்தை 30 மீட்டர் என்று அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இந்த அளவு, டிரோன் புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்கிடப்படும். எதிரேயுள்ள சரிவு, புறப்பட்ட இடத்தைவிட 25 மீட்டர் உயர்ந்திருந்தால், அங்கே டிரோனுக்கும் நிலத்துக்கும் இடையே 5 மீட்டர்தான் இருக்கும். அச்சரிவில் 8 மீட்டர் உயர மரம் நின்றால், டிரோன் நேராக அதில் மோதும். கீழே கொழுந்து பறிப்பவர்மீது விழுந்தால் என்ன ஆகும்? குலுங்கிய காணொளியை மீண்டும் எடுக்கலாம். ஒருவருக்கு ஏற்பட்ட காயத்தை அவ்வாறு சரிசெய்ய முடியுமா?

ஆகவே, திட்டமிடும் முன் அந்த இடத்தை நேரில் பார்க்கவேண்டும். சரிவு 25 மீட்டர், மரம் 8 மீட்டர், பாதுகாப்பு இடைவெளி 20 மீட்டர் எனக் கூட்டினால், அமைக்கவேண்டிய உயரம் 53 மீட்டர். வரைபடத்தில் தெரியாத மின்கம்பிகளையும் கம்பங்களையும் கண்ணால் தேடிப் பார்க்கவேண்டும். டிரோன் திரும்பி வரும் உயரத்தையும் இவ்வாறே கணக்கிட்டு அமைக்கவேண்டும்.

முதல் முறை மெதுவாகப் பறக்கவிட்டுச் சோதிப்பது நல்லது. டிரோன் எப்பொழுதும் நம் பார்வையில் இருக்கவேண்டும்; அதை உடனே நிறுத்த விரல்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும். மின்கலத்தில் போதிய மின்சாரம் இருக்கும்போதே திரும்ப அழைத்துவிடவேண்டும். மலேசியாவில் 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல் பறக்கவிட, பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. தோட்ட உரிமையாளரிடமும் அங்கே வேலை செய்வோரிடமும் முன்கூட்டியே கேட்பது நம் கடமை.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள் பெரியோர். டிரோனை இயக்குபவர், உயரம் தெரியாமல் அதைப் பறக்கவிடக்கூடாது. சீரான காட்சியைச் செயலி தரலாம். பாதுகாப்பான பாதையை நாம்தான் வகுக்கவேண்டும்.