பட்டி கட்டிய காணியில் சோளன்

பழுகாமத்தில் இரவற் காணியில் மாரிச் சோளன் நடவிருக்கும் குடும்பங்களே, கடன்பட்டு முச்சுப்பர் பொசுபேற்று வாங்குமுன் மாட்டுப்பட்டி எங்கே இருந்ததென ஊர் முதியவரிடம் கேளுங்கள். பட்டி கட்டிய இடமும் பலகாலம் எருவிட்ட வளவும் பொசுபரசு மிகுந்தவை. காணி தரிசாய்க் கிடந்தாலும் அது எளிதிற் கழுவுண்டு போகாது. நைதரசனே மழையோடு போய்விடும்.

குளிர்நாடுகளில் இளவேர் மந்தமாதலால் விதையருகே பொசுபரசு இடுவர். நமது வெப்பமண்ணில் அத்தேவை குறைவு. மிஞ்சினாலோ பயிர் நாகச்சத்தை எடுப்பது தடைப்படும். இளம் இலையில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டைகள் தோன்றும்.

முதலில் மண்ணைப் பரிசோதிப்பியுங்கள். பொசுபரசு மிகுதியென்றால் அதை விட்டு, அடிப்பசளையாகச் சிறிதளவு யூரியாவும் தேவைக்கேற்பப் பொட்டாசும் இடலாம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. விதையைத் தொட்டால் முளை கருகிவிடும். இரண்டு அங்குலம் தள்ளியிட்டு மண்ணால் மூடுங்கள்.