மூன்று மாதத்துச் சோதனையும் பதின்மூன்று ஆண்டு ஆசையும்

கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபின், பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது எவ்வாறு என்ற விசாரம் பந்தல்குடி, திருச்சுழிப் பக்கத்து ஜனங்களுக்கும் உண்டாகியிருப்பது நல்லதே. ஆனால் அதன் பின்னோடு வந்த வதந்தி ஒன்று என் பொறுமையைச் சோதிக்கிறது. துத்தநாக அயனி பேட்டரியை 5000 முறை மின்னேற்றலாமாம். நாளுக்கு ஒருமுறை வைத்தால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்குமாம்!

2016-இல் ‘நேச்சர் எனர்ஜி’ சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்று, 5000 சுற்றுகளுக்குப் பின்னும் கொள்திறனில் 92 சதவீதம் எஞ்சியதாகக் கூறியது மெய்தான். ஆயின் அங்கே மின்னேற்றப் பன்னிரண்டு நிமிஷம், இறக்கப் பன்னிரண்டு நிமிஷம் என்ற வேகத்தில், 5000 சுற்றும் 2000 மணி நேரத்தில், அதாவது மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் என்பதைப் படித்தவர்கூடக் கணக்கிடுவதில்லை. வீட்டிலோ, பகலெல்லாம் மெல்ல நிரம்பி இரவெல்லாம் மெல்ல வடியவேண்டும். அந்த நிதானத்தில்தான் நேர்மின்வாயிலுள்ள மாங்கனீஸ் டையாக்ஸைடின் பலவீனம் வெளிப்படுகிறது. மின்னிறக்கத்தில் நிலை தாழ்ந்த மாங்கனீஸ் ஒருபகுதி பேட்டரியின் நீர்க்கரைசலில் கரைந்துபோக, படிகமும் உருக்குலைகிறது. இதைத் தடுக்க, கரைசலில் மாங்கனீஸ் சல்ஃபேட்டை முன்னரே கலக்கிறார்கள். படிக அடுக்குகளுக்கிடையே நீர் மூலக்கூறுகளையோ வேறு உலோக அயனிகளையோ தூண்போல் நிறுத்துகிறார்கள். மின்னழுத்தம் குறைந்தாலும் சரி என்று வனேடியம் ஆக்ஸைடை நாடுவோரும் உளர். எல்லாம் மெச்சத்தக்க முயற்சிகளே. ஆனால் சதுர செண்டிமீட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் பூசிய ஆய்வுக்கூடத் தகட்டின் பலன், கடையில் விற்கவேண்டிய கனத்த தகட்டுக்கும் அப்படியே வாய்க்கும் என்று எந்த சாஸ்திரம் சொல்லிற்று?

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக மை வேண்டாம். டார்ச் லைட் கட்டையை வெயிலில் காயவைத்தால் சூட்டில் சற்றுநேரம் கூடுதலாக எரியலாம், அது மின்னேற்றமன்று. துத்தநாக அயனி பேட்டரியின் நீர்க்கரைசல் தீப்பற்றாது என்பது உண்மை. ஆயினும் துத்தநாகத் தகட்டில் ஹைட்ரஜன் வாயு எழக்கூடுமாதலால் காற்றோட்டம் அவசியம். மோட்டார் சைக்கிளுக்கு இது உகந்ததா? மின்னழுத்தம் ஏறக்குறைய 1.3 வோல்ட், லித்தியத்தில் பாதிகூட இல்லை. வீட்டு மூலையில் அசையாமல் இருக்கும் சேமிப்புக்கே இது பொருந்தும்.

வாங்குபவர் கேட்கவேண்டியது, எத்தனை சுற்று என்பதை மட்டுமன்று. எந்த வேகத்தில், எவ்வளவு கனத்த தகட்டில் என்பதையும்தான். இதைக் கேட்கும் புத்தி பள்ளியில் வரவேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் நமக்கு அண்மையிலேயே இருக்க, சுற்றுலா என்றாலே குற்றாலத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் தலைமையாசிரியர்களே, அடுத்த ஆண்டேனும் பேருந்தைக் காரைக்குடிப் பக்கம் திருப்புங்கள்.