போலரைஸ்டு கூலிங் கிளாஸ்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

கண்ணாடிக் கடையில் ஒரே மாதிரி இரண்டு கூலிங் கிளாஸை எடுத்து வைப்பார்கள். ஒன்றில் ‘போலரைஸ்டு’ என்று சின்னதாக ஒட்டியிருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாமா என்பது, பகல் நேரத்தில் உங்கள் கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று கோடையாக நான் போட்டுப் பார்த்தும், வீட்டில் உள்ளவர்களுக்கு வாங்கிக் கொடுத்தும் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் ‘யூவி 400’ என்று இருக்கிறதா பாருங்கள். போலரைஸ்டு வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. யூவி 400 என்றால் 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர்களை அந்தக் கண்ணாடி தடுக்கிறது என்று பொருள். இந்தத் தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசம். இருட்டாகத் தெரிவதால் கண் பாவை விரிந்துகொள்ளும்; விரிந்த வழியே புற ஊதா இன்னும் தாராளமாக உள்ளே போகும். வருடக்கணக்கில் வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கண்புரையும், வெள்ளை விழியில் சதை வளர்வதும் வர வாய்ப்பு அதிகம். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் யூவி 400 போட்டதையே வாங்குங்கள்.

2. போலரைஸ்டு செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர், தார்ச்சாலை, கார் மூடி மாதிரி படுத்த பரப்புகளில் பட்டுத் தெறிக்கிற ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். பிளஸ் டூ இயற்பியலில் ‘தளவிளைவு’ என்று படித்தது இதைத்தான். கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய படலம் அந்தக் கிடைமட்ட ஒளியை நிறுத்திவிட்டு மற்றதை விடும். எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1929இல் இப்படிப்பட்ட படலத்துக்குக் காப்புரிமை கோரினார். 1937இல் போலராய்டு கம்பெனியைத் தொடங்கினார்.

ஒரு நாள் நாலு மணி வெயிலில் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி ஒரு வில்லையை மட்டும் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். நேராகப் பிடித்தபோது பச்சைத் தண்ணீருக்குள் மூன்றாவது படியும், அதில் பாசியைக் கொத்தும் மீன்களும் தெரிந்தன. மெல்லத் திருப்பி நெட்டுக்குத்தாக்கினேன். வெள்ளித் தகடு போட்டு மூடியது போல் எல்லாம் மறைந்துவிட்டது. மறுபடி நேராக்கினால் மீன். பக்கத்துப் படியில் இருந்த பையன், “அக்கா, ஒரு வாட்டி குடுங்கக்கா” என்று வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவே மனமில்லாமல் நின்றான்.

3. இதன் பலன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. ஒளி தண்ணீர்ப் பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் வந்து தெறிக்கும்போதுதான் கண்ணாடி அதை முழுதாக வெட்டும். ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1815இல் இந்தக் கோணத்துக்கான விதியைச் சொன்னார். நம் ஊர்க் கணக்கில் சூரியன் அந்தச் சாய்வில் இருப்பது ஏறக்குறைய காலை எட்டரை மணிக்கும் மாலை மூன்றரை மணிக்கும். அதாவது, ஆபீசுக்குக் கிளம்புகிற நேரமும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிற நேரமும். உச்சி வெயிலில் சாதாரணக் கண்ணாடிக்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

4. பகலில் கார் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் வாங்கலாம். டாஷ்போர்டின் நிழல் முன் கண்ணாடியில் படிந்து பார்வையை மங்கலாக்குமே, அது பெருமளவு குறையும். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போது கிழக்குப் பக்கத் தண்ணீர் கண்ணைப் பறிக்கும். இதைப் போட்டிருந்தால் முகத்தைச் சுளிக்காமல் ஓட்டலாம். படகில் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், ஏரிக்கரையில் பறவை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும்.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதிப் பலன்தான். பாத்தியில் நிற்கும் நீரின் மினுக்கத்தை இது வெட்டும். குவித்து வைத்த உப்பின் வெண்மை நாலாபக்கமும் சிதறும் ஒளி. அதை இந்தப் படலத்தால் அடக்க முடியாது. அங்கே கண்ணாடியின் கருமையும், பக்கவாட்டில் வெளிச்சம் நுழையாத அகலச் சட்டமும்தான் காப்பாற்றும்.

5. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து, நாள் முழுக்க நிழலில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தேவையில்லை. நல்ல யூவி 400 கண்ணாடியே போதும்.

6. போன் திரையைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். வண்டியின் கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துப் போகும் டெலிவரி தம்பிகளுக்கு, சில போன்களின் திரை ஒரு கோணத்தில் கறுத்துப்போகும். நெட்டுக்குத்தாக வைத்தால் தெரியாது, படுக்கையாகத் திருப்பினால் தெரியும், அல்லது நேர்மாறாக. உங்கள் போனைக் கடைக்கே எடுத்துப்போய் இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டின் முகத்தடுப்பு வழியாகப் பார்க்கும்போது வானவில் திட்டுகளும் தெரியலாம். விமானிகளுக்கு இந்த வகைக் கண்ணாடி வேண்டாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அறிவுறுத்துவதும் இப்படித் திரைகள் மங்கிவிடும் என்பதால்தான்.

7. மழை விட்ட சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டும்போது கவனம். ரோட்டில் தண்ணீரோ ஆயிலோ கிடக்கிறது என்பதை அதன் பளபளப்பை வைத்துத்தானே கண்டுகொள்கிறோம்? அந்தப் பளபளப்பையே இந்தக் கண்ணாடி எடுத்துவிடுகிறது. மழை நாளில் நான் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன்.

8. உண்மையான போலரைஸ்டுதானா என்று நீங்களே பார்க்கலாம். பழைய கால்குலேட்டர் ஒன்று போதும். அதன் எண்கள் தெரியும்படி வைத்துக்கொண்டு, கண்ணாடியை முன்னால் பிடித்து மெல்ல அரைச் சுற்று திருப்புங்கள். ஏதோ ஒரு இடத்தில் திரை இருண்டு எண்கள் மறைய வேண்டும். லேப்டாப் திரையிலும் பார்க்கலாம். போனை மட்டும் நம்ப வேண்டாம், சில போன் திரைகள் எந்தக் கோணத்திலும் கறுக்காது. கால்குலேட்டர் இல்லையா? கடையிலுள்ள இன்னொரு போலரைஸ்டு கண்ணாடியை அதன் குறுக்கே வைத்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்த இடம் கும்மிருட்டாக வேண்டும்.

கடற்கரையில் ஸ்டிக்கரை நம்பி அப்பாவுக்கு ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து கால்குலேட்டர் முன் எப்படித் திருப்பியும் எண்கள் அப்படியே நின்றன. புற ஊதாத் தடுப்பும் இருந்ததோ இல்லையோ என்ற கவலையில் அதை அவர் போடவே நான் விடவில்லை. இந்தச் சோதனை புற ஊதாத் தடுப்பைக் காட்டாது என்பதை மறக்காதீர்கள். அதை அளக்கும் கருவி பல கண்ணாடிக் கடைகளில் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

9. கருமைக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. சட்டத்தின் உட்புறம் பொடி எழுத்தில் இருக்கும். நம் வெயிலுக்கு 3 சரியானது. அது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். 4 என்றிருந்தால் அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. இருட்டிய பிறகு எந்த எண்ணும் வேண்டாம். ‘இரவுப் பயணத்துக்கு’ என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கத்தான் செய்யும்.

10. சாம்பல் நிற வில்லையில் நிறங்கள் மாறாமல் தெரியும். பழுப்பில் மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும்.

11. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் மேலே சொருகும் கிளிப் வாங்கிக்கொண்டால் செலவு குறைவு. வெயிலில் தானாகக் கறுக்கும் வில்லையை வாங்கிவிட்டு, காருக்குள் கறுக்கவில்லையே என்று குறைப்படுவோர் உண்டு. முன் கண்ணாடியே புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் அது கறுக்காது.

12. கார்களின் பின்பக்கக் கண்ணாடியில் வரிசையாகப் புள்ளிகளோ திட்டுகளோ தெரிந்தால் பயப்படாதீர்கள். கண்ணில் கோளாறு இல்லை. சூடாக்கி உறுதிப்படுத்திய கண்ணாடி அது. அந்த அழுத்தத்தின் தடம் இந்த வில்லை வழியே தெரிகிறது.

13. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். சூட்டில் படலம் பிரிந்து ஓரத்தில் குமிழ் விடும். முந்தானையிலோ வேட்டி நுனியிலோ உலர்வாகத் துடைத்தால், படிந்திருக்கும் மண் துகள்களே கீறிவிடும். கடற்கரைக்குப் போய் வந்தால் உப்பு காய்வதற்குள் குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு சோப்பு நீரை விரலால் தடவிக் கழுவி, பழைய மல் துணியால் ஒற்றி எடுங்கள்.