முத்துக்குளித்துறையில் சமய ஊடகம்: அச்சும் செவியும்

ஒரு சமுதாயத்தின் மீது சமயம் செலுத்தும் செல்வாக்கை, அச்சமயம் கையாளும் ஊடகத்திலிருந்து பிரித்துக் காண இயலாது. அச்சு வந்தது, மக்கள் படித்தனர், சமயம் வேரூன்றியது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. தூத்துக்குடியை உள்ளிட்ட முத்துக்குளித்துறையின் 16ஆம் நூற்றாண்டு வரலாறு இக்கூற்றை அப்படியே ஏற்க இடந்தரவில்லை.

பரதவர் 1530களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பு உரிமையில் எழுந்த மோதலும், போர்ச்சுகீசியரின் பாதுகாப்புத் தேவையும் அதற்குக் காரணங்களாயின. ஆகவே சமய அறிவு மதமாற்றத்திற்குப் பின்னரே ஊட்டப்பட வேண்டியிருந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து மனனம் செய்தார். கையில் மணியடித்து ஊர்தோறும் மக்களைக் கூட்டினார். கற்ற சிறுவர்கள் வீட்டாருக்கும் அண்டையாருக்கும் கற்பிக்குமாறு பணித்தார். ஊர்க் கணக்கப்பிள்ளைகள் இப்பணியைத் தொடர்ந்தனர். இங்கு முதல் ஊடகம் குரலே. அதைக் கடத்தியோர் சிறுவர்கள்.

அச்சு இதன் பின்னரே வருகிறது. 1554இல் லிஸ்பனில் வெளிவந்த நூலில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் இருந்தன. கரையோர மக்கள் அதனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்டது அந்நூல். இவ்வச்சுப் பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர் என்பது கருதத்தக்கது. படிக்கத் தெரியாதவர் பெரும்பான்மையாக இருந்த ஒரு சமுதாயம் தன் நூலுக்குத் தானே பணம் கொடுத்தது. நூலைத் தம் உடைமையாக அவர்கள் கருதினர் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

1586இல் வெளியான ‘அடியார் வரலாறு’ இக்கருத்துக்கு வலுவான சான்று. புனிதர் வரலாறுகள் அதில் திருநாள் வரிசையில் அமைந்துள்ளன. தனியே அமர்ந்து படிப்பதைவிட, அந்தந்த நாளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கே இவ்வமைப்பு ஏற்றது. அதன் நடையில் மிகுந்து காணப்படும் பேச்சு வழக்கைக் கொச்சை எனத் தள்ளுவது பொருந்தாது. செவிக்கென எழுதப்பட்ட உரைநடை அது. குருசு, பாதிரி முதலிய போர்ச்சுகீசியச் சொற்கள் தமிழில் நிலைத்ததற்கும் கேட்டுப் பழகிய இவ்வழக்கமே துணைபுரிந்திருக்கும்.

அடிகளார் பணியாற்றிய புன்னைக்காயலுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள காயல்பட்டினம் வேறொரு நிலையைக் காட்டுகிறது. அரபு வணிகத் தொடர்பால் வளர்ந்த அவ்வூர் முஸ்லிம்களிடையே, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வழங்கியது. குர்ஆன் ஓதுவதற்காக இளமையில் கற்ற எழுத்தே தாய்மொழி நூல்களைப் படிக்கவும் உதவியது. வீட்டை விட்டு மிகுதியும் வெளிச்செல்லாத பெண்களும் சமய நூல்களை நேரே படிக்க அது வழிசெய்தது. பரதவரிடம் எழுத்து தமிழாக இருந்தும் வாசகர் சிலரே. காயலில் எழுத்து அயலதாக இருந்தும் வீட்டுக்குள்ளேயே வாசகர் உருவாயினர். புன்னைக்காயல் பெண்களுக்கு வேதம் நெடுங்காலம் இன்னொருவர் குரலில் கேட்டதாகவே இருந்தது.