நூதனசாலையும் நமது குடும்பமும்

இஸ்ராயேல் மக்கள் யோர்தான் ஆற்றைக் கால் நனையாமல் கடந்த வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு அடுத்தபடியாக நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து, தாங்கள் இறங்கிய இடத்தில் நாட்டி வைக்கும்படி இறைவன் அவர்களுக்குக் கட்டளையிட்டார். பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு, இவை ஏன் இங்கே நிற்கின்றன என்று கேட்பார்கள். அப்போது பெற்றோர் நடந்ததை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம் (யோசுவா, 4ஆம் அதிகாரம்). பொருள் ஒன்று கண் முன்னே நிற்கிறது, பிள்ளை கேட்கிறது, பெற்றோர் சொல்லுகிறார்கள். நூதனசாலை என்பதும் கண்காட்சி என்பதும் இதற்காக ஏற்பட்டவையே.

ஆனால் நம்மில் பெரும்பாலான குடும்பங்கள் நூதனசாலைக்குப் போவதைப் பாடசாலைச் சுற்றுலாவோடு முடிந்துபோன காரியமாக எண்ணுகின்றன. திருத்தலங்களுக்குக் குடும்பமாகப் போகிறோம். திருமணம், புதுநன்மை என்றால் தூரம் பாராமல் போகிறோம். அந்தப் பயணங்களில் அரை நாளை ஒதுக்கி, பிள்ளைகளோடு ஒரு நூதனசாலைக்குள் நுழைவது நமக்குப் பழக்கமில்லை. கல்முனைக் கரையோரத்தில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது ஏன் அவசியம் என்பதையும், எப்படிப் பார்த்தால் பயன் உண்டு என்பதையும் இவ்வாரம் சிந்திப்போம்.

1. நமக்கு இது ஏன் அவசியம்?

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். நம் ஆலய மணியும் பள்ளிவாசலின் பாங்கும் கோவில் மணியும் ஒரே காற்றில் கேட்கின்றன. மூன்று சமயத்தாரும் பேசுவது தமிழே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அன்று எவருடைய பிள்ளை என்று பார்த்து எவரும் தூக்கவில்லை.

இருந்தும் ஒருவரையொருவர் நாம் அறிந்திருக்கிறோமா? இந்தக் கரையில் கொடிய நாள்களும் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நடந்ததை நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. அதற்கு ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துச் சிறு பிள்ளைகளும் மாண்டனர். அந்த வீட்டில் அந்நியர் தங்கியிருப்பதை அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இந்தக் கடைசிச் செய்தியை எத்தனை கத்தோலிக்கப் பிள்ளைகள் அறிவார்கள்?

அச்சத்தினால் மட்டும் அயலவனை அறிந்த பிள்ளை வளர்ந்த பின்னும் அச்சத்தோடுதான் வாழும். அயலவனின் கைவேலையை, அவன் பாட்டன் உண்ட பாத்திரத்தை, அவன் பாட்டி பின்னிய பாயைக் கண்டு வளரும் பிள்ளைக்கு வேறொரு அறிவும் கிடைக்கிறது. 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவரல்லாத சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், முஸ்லிம் மக்களோடு முன்பிருந்த பகைமைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக முயல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இதைப் பிரசங்கத்தில் கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் செய்து பார்க்கலாம் அன்றோ?

2. அருகிலிருந்து தொடங்குங்கள்

கொழும்புக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காரைதீவில் தொடங்கலாம். சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. தமிழிசையின் பழைய யாழ்களை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில், நமது குருமாரிடம், கல்வி கற்றவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்துத் துறவியான ஒருவரின் பெருமையில் நமது பாடசாலைக்கும் ஒரு பங்கு உண்டு.

மருதமுனைக்குப் போனால் கைத்தறி நெசவைக் காணலாம். அங்கே கண்ணாடிப் பெட்டி கிடையாது. பொருள் பிறக்கும்போதே பார்க்கலாம். நெசவாளரிடம் அனுமதி கேட்டு, பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டும்படி கேளுங்கள். அவ்வாறே பன் பாய் பின்னும் முஸ்லிம் பெண்களின் கைத்திறனும் இக்கரைக்கு உரிய செல்வம். ஒரு பாயில் ஓடும் கோலத்தை எண்ணிப் பார்த்தால் அதில் கணக்கும் பொறுமையும் எவ்வளவு என்பது விளங்கும். ஆசாரக் கூடாரத்து வேலைக்காகப் பெசலேல் என்பவனை இறைவன் தமது ஆவியால் நிரப்பி, பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் திறமையை அளித்தார் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் கூறுகிறது. கைத்திறன் இறைவனின் கொடை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

3. காத்தான்குடி நூதனசாலை

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவிலேயே காத்தான்குடி உள்ளது. இலங்கை முஸ்லிம் மக்களின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் காட்டுவதற்காக அங்கே பூர்வீக நூதனசாலை ஒன்று 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

2019இன் குண்டுதாரிகளுக்குத் தலைவனாயிருந்தவன் பிறந்த ஊர் காத்தான்குடி என்பதனால், அங்கே போவதா என்று சில பெற்றோர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் ஓர் ஊரை ஒருவனின் பெயரால் அளப்பது நீதியன்று. மேலும், காயம் நமக்கு மட்டும் உரியதன்று. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய அர்ச். செபஸ்தியார் ஆலயத்தில் இரத்தக் கறை படிந்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவிவிடாமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரிலும் 1990ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சன்னங்கள் பட்ட அடையாளங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டும் யோர்தான் கற்களைப் போன்றவையே. பிள்ளை கேட்கும், பழி வாங்கும் எண்ணம் வளராத விதமாக நாம் பதில் சொல்ல வேண்டும்.

நமக்குக் கசப்பான ஒரு வரலாற்றையும் அங்கு பேச வேண்டியிருக்கும். கீழ்க்கரை முஸ்லிம் ஊர்கள் பல பழைமையானவை; ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அவை பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். அவர்களில் நாலாயிரம் பேரை அவன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது பழைய போர்த்துக்கேய நூல் தரும் கணக்கு. விரட்டியவர்கள் கத்தோலிக்கர், இடம் கொடுத்தவன் பௌத்த அரசன். இதை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோரை நம்பி, அவர்கள் மற்றக் காரியங்களையும் கேட்பார்கள்.

4. கொழும்புக்குப் போனால்

கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஜனவரி முதலாம் திகதி தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியினால் திறந்து வைக்கப்பட்டது. அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் வாப்புச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் கட்டட விற்பன்னர். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு வழக்கு உண்டு. தமக்கென்று ஒன்றும் கேளாமல் தொழுகை நாளின் மதிப்பைக் கேட்ட அவரை நினைத்து, நமது ஞாயிற்றுக்கிழமையை நாம் எப்படிக் காக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே கண்டியரசரின் சிங்காசனமும் முடியும் இருக்கின்றன. பிள்ளைகள் முதலில் அங்குதான் ஓடுவார்கள், ஓடட்டும். பின்னர் காலிக் கல்வெட்டின் முன் அவர்களை நிறுத்துங்கள். 1911இல் காலியில் மதகு ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. அதில் பொறித்த ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன எழுத்துகள் புத்தருக்கும், தமிழ் எழுத்துகள் தேனாவரை நாயனாருக்கும், பாரசீக எழுத்துகள் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறுகின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் தமிழ் எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதை அந்தக் கல்லே சொல்லுகிறது. அதோடு நிறுத்தாதீர்கள். அதே தளபதி 1411இல் போரிட்டு இந்நாட்டு மன்னனையே சிறைப்பிடித்துச் சென்றார். மூன்று சமயங்களையும் வணங்கிய கல்லை நாட்டியவர் ஏன் வாளையும் எடுத்தார் என்று பிள்ளையை யோசிக்க விடுங்கள்.

எல்லாப் பொருளும் நம் நாட்டில் இல்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுக்கப்பட்ட, பொன் முலாம் பூசிய வெண்கலத் தாரா தேவி சிலை இன்று லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் நிற்கிறது. தேசாதிபதியாக இருந்த பிறவுண்றிக் 1830இல் அதை அங்கு கொடுத்தார். ஆனால் திரும்பி வருவனவும் உண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட பீரங்கி முதலிய ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கையிடம் ஒப்படைத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல் என்பது ஏழாம் கட்டளைப் பாடம். அரசுகளுக்கும் அது பொருந்தும்.

5. எப்படிப் பார்க்க வேண்டும்?

அ) ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு பொருளைத் தெரிந்தெடுக்கட்டும். அதன் முன் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கட்டும்.

ஆ) அறிவிப்புப் பலகையை வாசிக்குமுன் பொருளைப் பாருங்கள். இது எதனால் ஆனது? எந்தக் கை இதைப் பிடித்தது? எந்த இடம் தேய்ந்திருக்கிறது? தேய்ந்த இடமே பாவித்தவரின் கையெழுத்து.

இ) எங்கள் வீட்டில் இதற்கு ஒப்பானது எது என்று கேளுங்கள். முஸ்லிம் விருந்தில் பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹனைக் கண்டால், ஒரே அப்பத்தைப் பகிரும் நமது திருப்பந்தியைப் பற்றிப் பேசலாம். வெற்றிலை வட்டாவும் படிக்கமும் இக்கரையில் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்தவை.

ஈ) மற்றச் சமயத்தாரின் புனிதப் பொருளுக்கு முன் சிரிப்பும் கேலியும் ஆகா. அதை வணங்க வேண்டியதில்லை, மதிக்க வேண்டும். ரோமாபுரியில் 1506இல் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட லாவொக்கோன் சிலை புறச்சமயக் கதை ஒன்றைக் காட்டுவது. இரண்டாம் யூலியுஸ் பாப்பரசர் அதை வாங்கி வத்திக்கானில் வைத்தார். வத்திக்கான் நூதனசாலைகளின் தொடக்கம் அதுவே. இஸ்லாமியர் வழிபாட்டில் உருவங்களை ஏற்பதில்லை. ஆகவே அவர்களின் கலை எழுத்தழகிலும் கோலங்களிலும் மலர்ந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் ஏடு ஒன்றைக் கண்டால், ஒலி நம்முடையது, எழுத்து அவர்களுடையது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள்.

6. நமது ஆலயமும் ஒரு கருவூலம்

அயலவரின் பொருளைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு, அடுத்த ஞாயிறு நமது ஆலயத்தைப் பாருங்கள். பழைய மரச் சுரூபம், பாத்திரங்கள், குருவானவரின் பூவேலை செய்த உடை, திருநாளில் சுற்றும் கூடு ஆகியவற்றைச் செய்தவர் யார், கொடுத்தவர் யார் என்று ஊரில் முதியோருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கடல் கொண்டுபோன பதிவுகளும் படங்களும் மீளவில்லை என்பதை இக்கரை அறியும்.

திருநாள் நெருங்கும்போது பழைய சுரூபத்துக்குப் புது வர்ணம் அடித்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பழைமையாலோ கலைச் சிறப்பாலோ வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற சுரூபங்களைத் திருத்துவதற்கு ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (1189) விதிக்கிறது. திருச்சபை நூதனசாலைகளைப் பற்றி வத்திக்கானிலிருந்து 2001 ஆகஸ்ட் 15ஆம் திகதி ஒரு சுற்றுமடலும் வந்தது. அவை பழம்பொருள் சேமிக்கும் அறைகள் மட்டுமல்ல, மேய்ப்புப் பணியின் ஒரு பகுதி என்பது அதன் கருத்து.

பங்குத் திருநாளன்று ஒரு வகுப்பறையில் சிறு கண்காட்சி வைத்தால் என்ன? ஒவ்வொரு வீடும் ஒரு பழம்பொருளைக் கொடுக்கட்டும். அயலிலுள்ள முஸ்லிம், இந்துக் குடும்பங்களிடமும் ஒவ்வொன்று இரவல் கேட்போம். யாருடையது, எந்த ஊர், எத்தனை தலைமுறை என்று எழுதி வைத்து, அவர்களையே வந்து விளக்கம் சொல்ல அழைப்போம். செலவு மிகக் குறைவு. ஆனால் பொருளை நம்பிக் கொடுத்தவரும் வாங்கி வைத்தவரும் அதன் பின் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர்.

குடும்பமாகக் கலந்து பேச

1. நமது வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் எது? அதன் கதை பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. நமது தெருவில் வாழும் முஸ்லிம் குடும்பத்தின் கைத்தொழில், உணவு, திருநாள் ஆகியவற்றில் நாம் நேரில் கண்டறிந்தவை எவை? பிறர் சொல்லக் கேட்டவை மட்டும் எவை?

3. நமக்கு நேர்ந்த துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லுகிறோமா?

4. வருகிற விடுமுறையில் குடும்பமாக எந்த நூதனசாலைக்கு, எந்த நாளில் போகப் போகிறோம்? நாளை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.