பயற்றங்கொடியில் பார்த்த வெறுங்கூடு

முன்னேஸ்வரத்தில் எங்கள் வளவில் அம்மம்மா பயற்றங்கொடி வைத்திருந்தா. இளங்காய்களில் அழுக்கணவன் கறுப்பாய் அப்பிக்கிடக்கும். விடியற்காலையில் அடுப்புச் சாம்பல் தூவுவா. அழுக்கணவன்களுள் சில மட்டும் ஊதிப் பழுப்பேறி வெறுங்கூடாய் ஒட்டியிருக்கும். உள்ளே குளவி முட்டையிட்டு, அதன் புழு அழுக்கணவனைத் தின்று தீர்த்த மிச்சம் அது என்று பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன்.

எல்லா அழுக்கணவனும் அப்படிச் சாவதில்லை. பட்டாணிச் செடியின் அழுக்கணவனுக்குள் வாழும் ஹாமில்டொனெல்லா என்ற பற்றீரியா குளவிப் புழுவைக் கொன்றுவிடும் என்று 2003-இல் ஆலிவரும் மோரனும் அவர்களது குழுவினரும் காட்டினார்கள். அதையே கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்தேன்.

இரண்டாம் வருடம், குளவியை வென்றுவந்த என் அழுக்கணவன் வளர்ப்பு வரிசை திடீரெனத் தோற்றது. பி.சி.ஆர். செய்தால் பற்றீரியா இருக்கிறது. பாதுகாப்பு மட்டும் இல்லை. கைப்பிழை என்று பயந்து ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் வாரக் கூட்டத்தில் சொன்னபோது, "ஃபேஜ் இருக்கிறதா பார்த்தீங்களா?" என்று கேட்டார் ஒரு சக மாணவி. பார்த்தேன், இல்லை. குளவியைக் கொல்லும் நஞ்சுக்கான மரபணு பற்றீரியாவைத் தொற்றியிருக்கும் அந்த வைரஸில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் காவலும் தொலையும் என்பது 2009-இலேயே வெளிவந்த செய்தி.

அன்றிலிருந்து மாதந்தோறும் பற்றீரியாவையும் ஃபேஜையும் தனித்தனியே சோதிக்கிறேன். ஒவ்வொரு வரிசையையும் இரண்டு அறைகளில் வளர்க்கிறேன். வெப்பநிலையைத் தினமும் குறிக்கிறேன். சூடு கூடினால் இந்தப் பாதுகாப்பு தளரும். தோற்ற முடிவை அந்த வாரமே மேசையில் வைக்கிறேன். இவற்றில் கடைசியானதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, அதுவே அதிகம் உதவியது.

ஒரே குளவியினத்தை வைத்து முடிவு சொல்லவும் கூடாது. பயற்றங்கொடியின் கறுப்பு அழுக்கணவனை இதே பற்றீரியா பினோடாக்சிஸ் குளவிகளிடமிருந்து காக்கும், வேறு சில குளவிகளிடம் கைவிட்டுவிடும்.

இதனால் என்ன பயன் என்று ஊரில் கேட்பார்கள். பூச்சிகளுக்குள் வாழும் இன்னொரு பற்றீரியாவான வோல்பாகியா 1924-இல் நுளம்பில் கண்டறியப்பட்டது. அது வைரஸைத் தடுக்கும் என்பது 2008-இல் பழ ஈக்களை ஆராய்ந்தவர்களால்தான் தெரியவந்தது. அதைச் சுமந்த நுளம்புகளை யோக்யகர்த்தாவில் விட்ட பகுதிகளில், விடாத பகுதிகளைவிட டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்தது. 2017-இல் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கில் விழுந்த நம் நாட்டில் இந்தப் பதிலே போதும்.

இத்துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளே, முதலில் உங்கள் வளவுக் கொடியில் அந்தப் பழுப்புக் கூடுகளைச் சேகரியுங்கள். போத்தலில் இட்டு வாயைப் பஞ்சால் அடைத்து, திகதி எழுதி வையுங்கள். இன்னும் வெறுமையாகாதவற்றிலிருந்து சில நாட்களில் குளவி வெளிவரும்.