பாதியில் நின்ற கூரை: பம்ப் வாங்க ஓடாதீர்கள்

கேள்வி: வேலூரில் இருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கன்வெர்ட்டிபிள் கார் வாங்கினேன். பட்டனை அழுத்தினால் துணிக்கூரை தானாக மடிந்து பின்னால் போய்விடும் வகை. ஹைட்ராலிக் ஆயில் கசிந்ததால், வீடியோ பார்த்து நானே பேட்டரியைக் கழற்றி, பம்பை எடுத்து, ஓ-ரிங் மாற்றி, ஆயில் ஊற்றி மாட்டினேன். வீட்டு வாசலில் நன்றாகவே வேலை செய்தது. போன வாரம் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். ஜமுனாமரத்தூர் தாண்டி ஏரிக்கரைச் சரிவில் வண்டியை நிறுத்தி, கூரையைத் திறந்துவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு ராத்திரி வெகுநேரம் நட்சத்திரம் பார்த்தோம். தூறல் விழுந்ததும் மூடப் பார்த்தால் கூரை பாதியில் நின்றுவிட்டது. கையேட்டில் சொன்னபடி பம்பில் ஒரு திருகைத் தளர்த்தி, நண்பரும் நானுமாகக் கையால் இழுத்து மூடி ஊர் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது, கூரை அசையவில்லை. கதவுக் கண்ணாடிகளும் முன்போல் கொஞ்சம் இறங்கிக் கொடுப்பதில்லை. பம்ப் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விடையில் முக்கால்வாசி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மலையில் தளர்த்திய அந்தத் திருகைத் திரும்ப இறுக்கினீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் நீங்கள் எழுதவில்லை. அது பைபாஸ் வால்வு. பம்ப் ஆயிலை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது, சிலிண்டர் கூரையின் கைகளைத் தூக்குகிறது. கையால் மூடவேண்டி வந்தால் அந்த அழுத்தத்தை விடுவிக்கத்தான் இந்த வால்வு. அது திறந்தே இருந்தால் பம்ப் தள்ளுகிற ஆயில் சிலிண்டருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு டேங்குக்கே திரும்பும். மோட்டார் உறுமும், கூரை அசையாது. நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். மோட்டார் சுற்றுகிறது என்றால் ஃபியூஸ் போகவில்லை, ரிலே வேலை செய்கிறது, பம்புக்குக் கரண்ட் வருகிறது என்று பொருள். மோட்டார் செத்த பம்ப் உறுமாது.

திருகை எல்-கீயால் மெதுவாக மூடுங்கள். உட்கார்ந்ததும் நிறுத்திவிடவேண்டும். வீல் நட்டைப் போல் பலம் போட்டால் பம்பின் அலுமினிய உடலில் மரை போய்விடும். அப்புறம் மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். சில வண்டிகளில் திருகே இருக்காது, சாவியை ஆஃப் செய்து சிறிது நேரம் விட்டால் அழுத்தம் தானாக இறங்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும்.

இதோடு கூரை எழுந்துவிட்டால் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. அன்றைக்கு ராத்திரி ஏன் நின்றது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

இந்தக் கூரைகள் பார்க்க மாயம்போல் இருந்தாலும் அடிப்படை எளிது. அமெரிக்காவில் 1957 முதல் 1959 வரை ஃபோர்டு கம்பெனி 'ஸ்கைலைனர்' என்று ஒரு கார் விற்றது. அதன் இரும்புக்கூரை மொத்தமும் தானாக டிக்கிக்குள் போகும். கம்ப்யூட்டர் கிடையாது, மோட்டார்கள், ரிலேக்கள், லிமிட் சுவிட்சுகள், 600 அடிக்கு மேல் வயர், அவ்வளவுதான். ஒரு வேலை முடிந்ததும் ஒரு சுவிட்ச் அமுங்கும். அது அமுங்கினால்தான் அடுத்த மோட்டாருக்குக் கரண்ட் போகும். இன்றைய வண்டிகளில் சுவிட்சுக்குப் பக்கத்தில் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்திருக்கின்றன, முறை மாறவில்லை. இலை போடாமல் சோறு வராது என்கிற பந்தி ஒழுங்குதான். டிக்கி மூடியிருக்கவேண்டும், டிக்கிக்குள் இருக்கிற சாமான் தடுப்பு கீழே இறங்கியிருக்கவேண்டும், கண்ணாடி இறங்கியிருக்கவேண்டும், வேகம் கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கவேண்டும், வோல்டேஜ் போதவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கூரை நிற்கும். ஏன் நின்றேன் என்று பெரும்பாலும் சொல்லாது. ஆகவே, கையால் வேலை பார்த்தபிறகு கூரை மக்கர் செய்தால், உடைந்த பாகத்தைத் தேடுவதற்கு முன் இந்த அனுமதிகளில் எது போய்ச் சேரவில்லை என்று தேடுங்கள். நீங்கள் கடைசியாகக் கைவைத்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் அன்றைய முதல் சந்தேகம் பேட்டரி. இன்ஜினை நிறுத்திவிட்டு வெகுநேரம் பாட்டு. கூரை பம்ப் பலமாகக் கரண்ட் இழுக்கும் சாதனம். அதன் ஃபியூஸ் பல வண்டிகளில் 30, 40 ஆம்பியர். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் எடுக்கிற அளவு தெம்பு இருந்தாலும் கூரையின் கம்ப்யூட்டர் பாதியில் வோல்டேஜ் சரிவதைப் பார்த்து நிறுத்திவிடும். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துவிட்டு ஒருவர் பட்டனை அழுத்தட்டும். முள் 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். மலையில் கூரையைத் திறக்கவும் மூடவும் இன்ஜினை ஓடவிட்டே செய்யுங்கள். அப்போது 14 வோல்ட் அருகில் கிடைக்கும்.

இரண்டாவது சந்தேகம் ஏரிக்கரைச் சரிவு. நிரந்தரக் கூரை இல்லாத காரின் உடல் மற்ற கார்களைவிடக் கொஞ்சம் அதிகமாக முறுக்கும். ஒரு சக்கரம் மேட்டிலும் ஒரு சக்கரம் பள்ளத்திலும் நின்றால், கூரையின் கொக்கியும் முன்கண்ணாடிச் சட்டத்தின் துளையும் நேருக்கு நேர் வராமல் போகலாம். வீட்டு வாசல் சமதளம், அங்கே தெரியாது. நான்கு சக்கரமும் சமமாக நிற்கிற தார் ரோட்டோரமாகப் பார்த்துத் திறப்பது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் அப்படி இடம் கிடைப்பது அரிது என்பதால் ஊருக்குள் போய்ச் செய்யுங்கள்.

கண்ணாடி இறங்காததற்குக் காரணம் நீங்கள் பேட்டரியைக் கழற்றியது. கதவுக் கண்ணாடியின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி கழன்றால் பல வண்டிகளில் அது மறந்துபோகும். ரிப்பேர் முடிந்த அன்று ஞாபகம் மிச்சமிருந்திருக்கலாம், மலையில் பேட்டரி இறங்கியபோது முழுசாகப் போயிருக்கலாம். மறுபடி கற்றுக்கொடுப்பது லேசு. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு கண்ணாடியையும் கடைசிவரை இறக்கி, சுவிட்சை விடாமல் சில நொடி பிடித்திருங்கள். பிறகு கடைசிவரை ஏற்றி, அதேபோல் பிடித்திருங்கள். வரிசையும் நேரமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். இது சரியாகாமல் கூரையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அடுத்தது ஆயில். என்ன ஊற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. பிரேக் ஆயில் ஊற்றியிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். மினரல் ஆயிலுக்கென்று செய்த சீல்கள் அதில் ஊறி உப்பிக் கெட்டுவிடும், பிறகு சிலிண்டர் ஒவ்வொன்றாகக் கசியும். பவர் ஸ்டீயரிங் ஆயில்தானே என்று எதையாவது ஊற்றுவதும் தவறு. டேங்கின் மேலோ கையேட்டிலோ எழுதியிருக்கிற ரகம் மட்டும்தான். அளவு பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கூரை திறந்திருக்கும்போது டேங்கில் இருக்கிற ஆயில் மட்டமும் மூடியிருக்கும்போது இருக்கிற மட்டமும் வேறு, ஏனென்றால் மிச்சம் சிலிண்டருக்குள் இருக்கிறது. எந்த நிலையில் பார்க்கச் சொல்லியிருக்கிறதோ அந்த நிலையில் பாருங்கள். தப்பான நிலையில் நிரப்பினால் அடுத்த தடவை ஆயில் வழிந்து டிக்கி கார்பெட்டில் நிற்கும்.

பம்பைப் பிரித்தால் லைனுக்குள் காற்று புகும். காற்று இருந்தால் கூரை ஜெர்க் அடிக்கும், நடுவில் தயங்கும், ஆயில் நுரைக்கும். சமதளத்தில் சில தடவை முழுசாகத் திறந்து மூடினால் காற்று டேங்குக்குத் திரும்பிவிடும். ஆனால் இடைவிடாமல் செய்யாதீர்கள். மோட்டார் சூடேறினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு பாகத்தைக் கழற்றியவர்கள் உண்டு. அரைமணி நேரம் ஆறவிட்டால் திரும்ப ஓடும்.

சத்தத்தையும் நிற்கிற இடத்தையும் கவனித்தால் ஸ்கேனர் இல்லாமலே பாதி தெரியும். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், பட்டன், அல்லது வராத அனுமதி. திறக்கும், மூடாது (அல்லது மாறாக) என்றால் ரிலேவைப் பாருங்கள். பல பம்புகளில் மோட்டார் இரண்டு திசையிலும் சுற்றும், திசைக்கு ஒரு ரிலே. தினமும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்துச் சென்சார் அல்லது சுவிட்ச். ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று நின்றால் வோல்டேஜ், ஆயில், அல்லது எங்காவது உரசல். சுவிட்சை மல்டிமீட்டரில் சோதிக்கலாம். ஹால் சென்சாரை அப்படிச் சோதிக்க முடியாது. டெஸ்ட் லைட் மாட்டினால் போய்விடவும் கூடும். ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற இன்ஜின் ஸ்கேனர் கூரையின் கம்ப்யூட்டரோடு பேசாது. உங்கள் வண்டியின் கம்பெனிக்கான ஸ்கேனர் இருக்கிற இடத்தில்தான் பிழைக் குறியீட்டை எடுக்கவேண்டும்.

வயர்களையும் பாருங்கள். டிக்கி கீல் அருகே வளைந்து நிமிர்கிற வயர்க் கற்றையில், மேலே தோல் நன்றாக இருக்க உள்ளே தாமிரம் அறுந்திருக்கும். மெல்ல இழுத்தால் ரப்பர்போல் நீளும் வயர் அறுந்த வயர். பம்பைத் திரும்ப மாட்டும்போது எர்த் போல்ட்டைப் பெயிண்ட் மேலேயே இறுக்கியிருந்தால் அதுவும் தொல்லைதான். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பம்ப் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்து பம்பை ஓட்டுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டி மாட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இவ்வளவு கரண்ட்டைத் தாங்காது, சூடேறும்.

இன்னொரு தொல்லை: புளியிலை. புளியமரத்தடியில் வண்டியை விட்டால் அந்தப் பொடி இலை கூரை மடிகிற பள்ளத்தில் விழுந்து தண்ணீர் போகும் குழாய்களை அடைக்கும். பெரிய இலை குழாய்க்குள் போகாது, புளியிலை போய்விடும். சில வண்டிகளில் பம்ப் அந்தப் பள்ளத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் தேங்கினால் மோட்டார் முழுகும். மழைக்கு முன் தடித்த நைலான் நரம்பை விட்டு மெல்லக் குடைந்து, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பாருங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளக்கூடும், அது தெரியவும் தெரியாது. நனைந்த துணிக்கூரையை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அதிகாலைப் பனியில் நனைந்ததும் நனைந்ததுதான்.

அடுத்த தடவை மேலே போகுமுன் கையால் மூடுகிற முறையை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். எல்-கீ, டார்ச், பெரிய பிளாஸ்டிக் ஷீட், கயிறு டிக்கியில் இருக்கட்டும். கூரையை மடித்தபின் கைக்கு எட்டாத மூலையில் அவற்றை வைக்காதீர்கள். பாதியில் நின்ற கூரையோடு வண்டியை ஓட்டவே கூடாது, காற்று பிடித்துக் கைகளை வளைத்துவிடும். நட்சத்திரம் பார்க்க அதே மலையில் இருக்கிற காவலூர்ப் பக்கம் போய் நிறுத்தினால் ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருட்டை நம்பித்தான் இருக்கிறது.

சன்ரூஃப் வைத்திருக்கிற வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. பேட்டரி மாற்றியபின் சன்ரூஃப் மூடப்போய்த் திரும்பத் திறந்துகொண்டால் அது கெட்டுப்போகவில்லை, எல்லையை மறந்திருக்கிறது. மூலைகளில் இருக்கிற வடிகுழாய்கள் அடைத்தால் தண்ணீர் தலைமேல்தான் விழும்.

பம்ப் பக்கம் மறுபடி கைவைக்குமுன் சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். நடுவானில் நிற்கிற கூரையைத் தாங்குவது ஆயில் அழுத்தம்தான். லைனைக் கழற்றினாலோ வால்வைத் திறந்தாலோ, சில வண்டிகளில் சாவியை ஆஃப் செய்து சிறிது நேரம் விட்டாலோ மொத்தமாக இறங்கும், மடிப்புகளுக்கு நடுவே விரல் இருந்தால் நசுங்கும். உறுதியான மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டே கழற்றவேண்டும். பின்சீட்டுக்குப் பின்னால் டிரிம் எடுக்கும்போது மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது ஏர்பேக் அல்லது வண்டி கவிழும்போது வெடித்து எழும்பும் ரோல்-பார் சம்பந்தப்பட்டது. வீடியோ பார்த்துச் செய்கிற வேலை அல்ல. அங்கிருந்து ஒர்க் ஷாப்தான். போகும்போது நீங்கள் என்னென்ன கழற்றினீர்கள், என்ன ஆயில் ஊற்றினீர்கள், கூரை எந்த இடத்தில் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பம்ப் மாற்றவேண்டும் என்று அவர் மறுபடி சொன்னால், அழுத்தம் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.